வயரைக் கடிக்கும் முயல்: வாசகர் கேள்வி – பதில்

தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் மலையக வீடுகளில் முயல்களும் உள்ளேயே அடைபட்டுவிடுகின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அவற்றின் கடியைப் பற்றியவை. ஆகவே இந்தப் பக்கத்தை முழுவதும் முயலுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எட்டு மாத ஆண் முயல் வளர்க்கிறோம். பகலில் கூண்டில் இருக்கும், மாலையில் வீட்டுக்குள் விடுவோம். மழை தொடங்கியதிலிருந்து போன் சார்ஜர் வயர், அலுமாரிக் கால், கதவு நிலை என்று ஒன்றையும் விடுவதில்லை. அடித்தும் பார்த்தோம், பயனில்லை. தீனிக்குப் பாணும் கரட்டும் கொஞ்சம் கோவாவும் கொடுக்கிறோம். – ஹட்டன் வாசகி

இன்றிரவே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறோம். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சார்ஜர் பெட்டியிலிருந்து போனுக்குப் போகும் மெல்லிய வயரில் மிகக் குறைந்த அழுத்தமே இருப்பதால்தான் உங்கள் முயல் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்ஜ், ரைஸ் குக்கர், அயன் ஆகியவற்றின் வயரைக் கடித்தால் அப்படித் தப்பாது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் கூடாது. மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழும். காய்ந்த பலகைத் தரையில் நிற்கும் முயல் வயரின் இரண்டு கம்பிகளையும் ஒரே கடியில் இணைத்துவிட்டால் கசிவே இருக்காது, சுவிட்சும் விழாது.

வயரைத் தரையிலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தூக்கிச் சுவரோடு கிளிப் அடிப்பது எல்லாவற்றிலும் நல்லது. தூக்க முடியாத வயருக்கு உறை போடுங்கள். வயரிங் வேலைக்குப் பாவிக்கும் 20 மில்லிமீற்றர் பிவிசி குழாயை ஹாட்வெயார் கடையில் வாங்கி, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் வாளால் கீறிக்கொள்ளுங்கள். கீறாமல் வாங்கி வந்தால் பிளக் உள்ளே நுழையாது; பலர் இந்த இடத்தில்தான் வேலையை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். கீறலை விரித்து வயரை உள்ளே அழுத்தி, கீறல் சுவர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து, 20 சென்ரிமீற்றருக்கு ஒரு கட்டுப் போடுங்கள். பழைய ஹோஸ் பைப்பும் உதவும், ஆனால் அது கடியைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். வயரைச் சுற்றும் மெல்லிய சுருள் பிளாஸ்டிக்கை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஓர் இரவு தாங்காது. ஏற்கெனவே கடிபட்ட வயருக்கு டேப் சுற்றிப் பாவிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிரிட்ஜுக்குப் பின்னாலும் டிவி மேசைக்கு அடியிலும் உள்ள சந்துகளை 25 மில்லிமீற்றர் கண் உள்ள கம்பி வலையால் அடையுங்கள். வெட்டிய கம்பி முனைகளை அரம் போட்டு மழுக்க வேண்டும். ஒரு முயலின் தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும்.

இனி, ஏன் கடிக்கிறது என்பதற்கு வருவோம். முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்கின்றன. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் நீளும். தேய்ப்பதற்கு ஏதாவது இருந்தே ஆக வேண்டும். ஆனால் மரத்தைக் கடிப்பதால் முன்பற்கள் மட்டுமே தேயும். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது புல். அதை நீண்ட நேரம் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் அவை சரியான அளவில் நிற்கும். பாண் வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது. கரட் இனிப்புப் பண்டம். நாளெல்லாம் மெல்லப் படைக்கப்பட்ட வாய்க்குப் பத்து நிமிட வேலைதான் நீங்கள் கொடுக்கிறீர்கள். மீதி நேரத்துக்கான வேலையை அது உங்கள் அலுமாரியில் தேடிக்கொள்கிறது.

ஆகவே தீனியின் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்கட்டும். தினமும் முயலின் உடம்பளவு பருமனுள்ள ஒரு கட்டுப் புல், எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். கினிப்புல் தாராளமாகக் கிடைக்கிறது, அது போதும். மானாப்புல் வாசனை தூக்கலான சொரசொரப்பான புல், அதை நம்பியிருக்க வேண்டாம். தேயிலை மலை ஓரத்துப் புல்லில் களைகொல்லி பட்டிருக்கலாம், தவிர்த்துவிடுங்கள். இரண்டு கிலோ முயலுக்குக் கடைத் தீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். ராபு இலை, நோக்கோல் இலை, கரட் இலை இவற்றில் கழுவி இரண்டு கைப்பிடி கொடுக்கலாம். லீக்ஸ், வெங்காயத்தாள், உருளைக்கிழங்குச் செடியின் இலை, தக்காளி இலை ஒருபோதும் கூடாது. பாணை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். 10 நாளில் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். திடீர் மாற்றத்தில் குடல் குழம்பி வயிற்றுப்போக்கு வரும்.

மழைக்காலப் புல்லில் ஒரு சிக்கல் உண்டு. ஈரப் புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அந்தப் புல் வயிற்றை ஊதவைக்கும். வெயில் கண்ட நாட்களில் அறுத்து மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் புரட்டிக் காயவைத்துச் சேமியுங்கள். வெயிலே இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலுள்ள பரணில், புகை நேரே படாத பக்கமாகப் பரப்பலாம். காய்ந்ததைச் சாக்கில் போட்டுத் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் நமது பனிமூட்டத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சண வாடை சிறிதளவு வந்தாலும் முழுச் சாக்கையும் எறிந்துவிடுங்கள், உதறிக் கொடுப்பது சரிவராது.

கதவு நிலைக்கும் அலுமாரிக்கும் ஓர் அங்குல அலுமினிய மூலைத்தகட்டைத் தரையிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் திருகாணி போட்டு மாட்டுங்கள். முயல் பின்னங்காலில் எழும்பி நிற்கும் என்பதால் குறைந்த உயரம் போதாது. மேசைக் கால், கதிரைக் கால்களுக்குப் பொருத்தமான பருமனில் பிவிசி குழாய்த் துண்டை உறையாகப் போடலாம். பழைய லயக் காம்பராக்களிலும் பங்களாக்களிலும் கதவுகளில் பல தலைமுறைப் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டித் தின்னும் முயல் தீனியை விட்டுச் சோர்ந்துபோகும். அப்படிப்பட்ட கதவை முதலில் மறையுங்கள்.

எட்டு மாத ஆண் என்கிறீர்கள். நாலைந்து மாதத்தில் முயல் பருவமடைந்துவிடும். அதற்குப் பிறகு கடிப்பதும் தோண்டுவதும் சிறுநீர் பீச்சுவதும் கூடும். விதைநீக்கச் சத்திரசிகிச்சை செய்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் இந்த வேகம் தணிகிறது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலையிலோ, முயலுக்குச் சிகிச்சை செய்து பழக்கமுள்ள வேறு வைத்தியரிடமோ முன்கூட்டியே பேசிச் செல்லுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே நாய் பூனைக்குப் போல முதல் நாளிலிருந்து பட்டினி போடத் தேவையில்லை. யாராவது அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். முயலின் முதுகெலும்பு மெல்லியது. பயந்து உதறும்போதே முறிந்துவிடக்கூடும். கடிக்கும் அந்த நொடியில் ஒருமுறை கைதட்டி, உடனே ஒரு குச்சியை வாயருகே நீட்டுங்கள். கடித்து முடித்த பிறகு திட்டினால் எதற்கென்று அதற்கு விளங்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அலுமாரியைக் கடித்தவுடன் கரட்டைக் காட்டி அழைத்தால், கரட் வேண்டும்போதெல்லாம் அலுமாரியைக் கடிக்கப் பழகிவிடும்.

மிளகாய்த்தூள் தடவினால் கடிக்காது என்கிறார்களே? – பண்டாரவளை வாசகர்

தடவாதீர்கள். தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறிப் புண்ணாக்கும். முயல் முகத்தைக் காலால் துடைத்துத் துடைத்து அதை மோசமாக்கும். கசப்பு ஸ்பிரே சில முயல்களிடம் வேலை செய்கிறது, சில முயல்கள் அதை நக்கித் தின்கின்றன. பாவிப்பதானால் மரத்துக்கு மட்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக அடிக்க வேண்டும். வயருக்கு ஸ்பிரேயை நம்புவது உயிரோடு விளையாடுவது. சிறுநீர் பட்ட இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கடிக்கிறது என்றால், வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்துவிடுங்கள்.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி குவிந்து கிடக்கிறது. கடிக்கக் கொடுக்கலாமா? வேறு எந்தக் குச்சி நல்லது? – தலவாக்கலை வாசகர்

தேயிலைக் குச்சி வேண்டாம். துளிரிலும் இலையிலும் கஃபீன் இருக்கிறது. அதைவிட, கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்து பட்டையில் ஒட்டியிருக்கும். அதை அடுப்புக்கே விட்டுவிடுங்கள்.

கொய்யாக் குச்சி முதல் தரம், இலையோடே கொடுக்கலாம். மல்பெரி, பெயார்ஸ், மூங்கில் ஆகியவையும் நல்லவை. பென்சில் பருமனிலிருந்து பெருவிரல் பருமன் வரை, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கழுவுங்கள். பட்டையை உரிக்காதீர்கள், அதை உரிப்பதுதான் முயலுக்கு இன்பம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு குச்சி போதும். வாரத்துக்கு ஒருமுறை மரத்தை மாற்றுங்கள், பழகிய குச்சியை அது திரும்பிப் பார்க்காது.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பிளம்ஸ், பீச் மரங்கள் உள்ளவர்கள் கவனம்: அவற்றின் பச்சைக் குச்சியிலும் இலையிலும் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பட்டர்புரூட் மரத்தின் இலை, பட்டை, பழம் எல்லாமே முயலுக்கு நஞ்சு. பிசின் வாசனை உள்ள பைன், சைப்ரஸ் வேண்டாம். முற்றத்துச் செடிகளில் அலரி, நாயுண்ணி, ஹைட்ரேஞ்சியா, தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூ எதையும் முயல் எட்டும் இடத்தில் விடாதீர்கள்.

காட்போட் பெட்டியும் நல்ல கடிபொருள். டேப்பையும் ஸ்டேப்பிள் கம்பியையும் கழற்றிவிட்டு, இரண்டு வாசல் வெட்டி, உள்ளே கசக்கிய கடதாசியும் காய்ந்த புல்லும் திணித்து வையுங்கள். மழை நாளில் ஒரு மாலைப்பொழுது அதிலேயே கழிந்துவிடும்.

பெண் முயல் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்குகிறது, கார்பட்டைக் கடித்து நூல் நூலாக்குகிறது, கிட்டப் போனால் உறுமுகிறது. ஆணோடு சேரவே இல்லை. – நுவரெலியா வாசகி

இது பொய்ச் சினை. ஆண் இல்லாமலும் வரும். 16 முதல் 18 நாளில் தானாக அடங்கும். வயிற்றில் குட்டி இருப்பதாக உடம்பு நம்பிக் கூடு கட்டுகிறது. கூட்டைக் கலைக்காதீர்கள், கலைத்தால் மீதி மயிரையும் பிடுங்கும். ஒரு பெட்டி நிறையக் காய்ந்த புல் கொடுத்துவிட்டுக் கார்பட்டைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். கடதாசியை விழுங்கினாலும் பெரிய ஆபத்தில்லை, கார்பட் நூல் குடலை அடைக்கும். மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பவும் வந்தால் கருப்பை நீக்கச் சிகிச்சை பற்றி வைத்தியரிடம் பேசுங்கள். வயது ஏற ஏறப் பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது, அதையும் இந்தச் சிகிச்சை தடுக்கிறது.

எங்கள் முயல் எதையுமே கடிப்பதில்லை, ஆனால் முன்பல் நீண்டு வளைந்திருக்கிறது. நகவெட்டியால் வெட்டலாமா? – மஸ்கெலியா வாசகர்

கூடாது. நகவெட்டியின் அழுத்தத்தில் பல் நெடுக வெடிக்கும். வெடிப்பு வேர்வரை போனால் தாடையில் சீழ் பிடிக்கும், முயலின் சீழ் கெட்டியாக இருப்பதால் ஆற்றுவது மிகக் கடினம். வைத்தியர் சுழலும் கருவியால் அராவிக் குறைப்பார். மேற்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் வந்து நிற்பதுதான் சரியான அமைப்பு. இரண்டும் முட்டினாலோ கீழ்ப்பல் முன்னால் வந்தாலோ தேய்மானம் நடக்காது, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குறைக்க வேண்டிவரும், அல்லது முன்பற்களைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கிய முயல் நறுக்கிய புல்லை உதட்டால் எடுத்து நன்றாகவே வாழும்.

தாடை நனைந்திருப்பது, புல்லை எடுத்துவிட்டுக் கீழே போடுவது, ஒரு கண்ணில் நீர் வடிவது, புழுக்கை சிறுத்துப்போவது: இவை கடைவாய்ப் பல்லின் அறிகுறிகள். கடிப்பதை முயல் திடீரென்று நிறுத்தினாலும் நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று எண்ணாமல் வாயைக் காட்டுங்கள்.

வயரைக் கடித்து ஷொக் அடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? – கொட்டகலை வாசகி

முயலைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு துவாயால் சுற்றி எடுத்து, இருட்டான அமைதியான பெட்டியில் வையுங்கள். தண்ணீர் தெளிக்கவோ வாயில் ஊற்றவோ வேண்டாம். உதடும் நாக்கும் வெளிறியோ கருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்து ஓடினாலும் அன்றே வைத்தியரிடம் கொண்டு போங்கள், ஏனென்றால் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். மூச்சு வேகமாவது, தலையை மேலே தூக்கி வாயால் மூச்சு விடுவது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வாய்ப்புண்ணால் தின்ன மறுத்தால், 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருப்பதே முயலுக்கு உயிராபத்து. ஆகவே விடியட்டும் என்று காத்திராமல் இரவிலேயே வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள்.