வாசகர் கேள்வி: 99.9 சதவீதம் என்றால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஃபவுண்டரியில் காஸ்டிங்கைக் கடைசலில் ஏற்றிய பிறகுதான் ப்ளோ ஹோல் (வார்க்கும்போது வாயு சிக்கி விழும் ஓட்டை) வெளியே தெரியும், வயிறு எரியும். உலோகத்தை 3டி ப்ரிண்ட் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை, அடர்த்தி 99.9 சதவீதம் என்கிறார் விற்க வந்தவர். உண்மையா?
- வாசகர், கோவை

பதில்: எண் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கன சென்டிமீட்டரில் 0.1 சதவீதம் வெற்றிடம் என்றால் ஒரு கன மில்லிமீட்டர். அது 50 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைத் துளைகளாகச் சிதறிக் கிடந்தால் சுமார் 15,000 துளைகள் வரும், பல வேலைகளுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. அதே அளவு வெற்றிடம் நாலைந்து தட்டையான இடைவெளிகளாக, அதுவும் மேற்பரப்பை ஒட்டி இருந்தால் பாகம் அவ்வளவுதான். சர்டிஃபிகேட்டில் இரண்டுக்கும் ஒரே 99.9.

லேசர் இயந்திரத்தில் 30 முதல் 60 மைக்ரான் கனத்துக்கு உலோகத் தூளைப் பரப்புவார்கள், வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்கும், மறுபடி தூள், மறுபடி லேசர். 40 மைக்ரான் அடுக்கு என்றால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2,500 முறை இப்படி நடக்க வேண்டும். லேசரின் சக்தி போதாமலோ வேகம் கூடிப்போயோ, லேசர் ஓடும் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் அதிகம் விட்டோ அடித்தால் கீழ் அடுக்கு உருகி ஒட்டாது. அங்கே ஓரம் கூராக, தட்டையாக ஒரு இடைவெளி நின்றுவிடும். உடைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பல சமயம் உருகாத தூள் மணிகள் உருண்டை உருண்டையாக உள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரியும். இருப்பதிலேயே மோசம் இதுதான். அடுக்கோடு அடுக்காகப் படுத்திருப்பதால், பாகத்தை மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப இழுக்கும்போது, ஷாம்பு பாக்கெட் ஓரத்தில் போட்டிருக்கும் சின்ன வெட்டு மாதிரி, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சரி, சக்தியைக் கூட்டிவிடலாமே என்றால் அது வேறு வம்பு. உலோகம் ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தம் உருகிய குட்டையில் ஆழமான குழியைப் பறிக்கும். இதற்குக் கீஹோல் என்று பெயர். குழி ஆட்டம் கண்டு நடுவில் மூடிக்கொண்டால் அடியில் ஒரு குமிழ் மாட்டி அப்படியே உறைந்துவிடும். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சின்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரம் தரும் மிகப் பலமான எக்ஸ்ரே வைத்து டைட்டானியம் உருகுவதை அதிவேகப் படமாக எடுத்தார்கள். வழக்கமாக ப்ரிண்ட் அடிக்கும் சக்தியிலும் வேகத்திலுமே இந்தக் குழி விழுகிறது என்று 2019இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. ஆக, குழியே இல்லாமல் அடிப்பதற்கில்லை, அது நிலையாக நிற்கும்படி அடிப்பதில்தான் சாமர்த்தியம்.

இது போக, தூள் தயாரிக்கும்போதே மணிக்குள் சிக்கிய ஆர்கான் வாயுவும் சிறு குமிழ்களாகப் பாகத்துக்குள் வந்து சேரும்.

எனவே விற்பவரிடம் மிகப் பெரிய துளை எவ்வளவு, எங்கே இருக்கிறது, பாகத்தை எந்தத் திசையில் நிறுத்தி அடித்தார்கள், கூடவே அடித்த சோதனைக் கம்பியை ஃபேட்டிக் டெஸ்டில் (திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் சோதனையில்) போட்டார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் புரிந்துகொள்ளலாம். அப்புறம், சாதாரண பம்ப் பாடிக்கு எதற்கு இந்தச் செலவு? காஸ்டிங்கே போதும்.

கேள்வி: ஹிப் செய்தால் எல்லாத் துளைகளும் மூடிவிடும் என்கிறார் எங்கள் சார். அப்படியானால் சி.டி. ஸ்கேன் எதற்கு?
- பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: உங்கள் சார் சொல்வது முக்கால்வாசி சரி. ஹாட் ஐசோஸ்டாடிக் பிரஸ்ஸிங் என்பதன் சுருக்கம்தான் ஹிப். டைட்டானியம் 64 உலோகக் கலவை என்றால் சுமார் 920 டிகிரி செல்சியஸில், காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு அழுத்தத்தில், இரண்டு மணி நேரம் ஆர்கானில் வைத்து அமுக்குவார்கள். உள்ளே இருக்கும் துளைகள் நசுங்கிச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெளிப்பக்கம் வாய் திறந்த துளைக்குள் அதே வாயு புகுந்துவிடும், பிறகு எதை அமுக்குவது? இன்னொன்று, உள்ளே ஆர்கான் சிக்கியிருந்தால் அது உலோகத்தில் கரையாது, சுருங்கி ஒளிந்திருக்கும். பிற்பாடு அழுத்தமில்லாமல் சூடாக்கினால் மறுபடி துளையாக வளரலாம்.

சி.டி. ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. 2,000 புள்ளி அகலமுள்ள டிடெக்டரில் 10 சென்டிமீட்டர் பாகத்தை முழுசாகப் படம் எடுத்தால் ஒரு புள்ளிக்கு 50 மைக்ரான். குறையை நிச்சயமாகச் சொல்ல மூன்று புள்ளியாவது வேண்டும், அதாவது 150 மைக்ரான். மெல்லிய தட்டை இடைவெளி இதில் நழுவிவிடும். நம்மைப் பயமுறுத்துவதும் அதுதானே! அதனால் முக்கியமான பாகங்களுக்கு ஹிப், ஸ்கேன், மேற்பரப்பைக் கடைவது என்று எல்லாவற்றையும் சேர்த்தே செய்கிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பொருத்திய இடுப்பு மூட்டுக் கிண்ணம் ப்ரிண்ட் அடித்த டைட்டானியமாம். படத்தில் பார்த்தால் முழுக்க ஓட்டை! உடைந்துவிடாதா?
- வாசகி, சென்னை

பதில்: அது வேண்டுமென்றே விட்ட ஓட்டை. எலும்பைத் தொடும் பக்கத்தில் சில நூறு மைக்ரான் அகலத்துக்குத் துளைகளை விடுவார்கள், எலும்பு அதற்குள் வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். இத்தாலியில் 2007இலிருந்தே இப்படிப்பட்ட கிண்ணங்களைப் பொருத்துகிறார்கள். மேலே நான் திட்டிய துளைகள் இருக்கக் கூடாத இடம் அதன் பின்னால் உள்ள திடமான சுவர். அம்மா எப்போது மாடிப்படி ஏறலாம் என்பதை மட்டும் அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.