ஒரே கன்டெய்னரில் கலந்த உலோகக் கழிவு: எந்த எச்எஸ் குறியீடு போடுவது?

வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் சுங்கை காடுட்டில் சின்ன அளவில் பழைய உலோகம் வாங்கி விற்கிறேன். முதல் முறையாகச் சென்னைக்கு ஒரு 20 அடி கன்டெய்னர் அனுப்பப் போகிறேன். கட்டட வேலையில் வெட்டி எடுத்த இரும்பு, லேத் பட்டறைச் சுருள், சமையலறைத் தொட்டிகள், ஏர்கான் காயில், உரிக்காத கேபிள், பழைய கம்ப்ரசர், அப்புறம் நல்ல நிலையில் உள்ள இரும்புக் குழாய்கள் சில எல்லாம் இருக்கின்றன. "பெரும்பகுதி இரும்புதானே, மொத்தத்தையும் 7204.49 என்று போட்டுவிடலாம்" என்கிறார் ஏஜெண்டு. போடலாமா?

பதில்: கூடாது. எச்எஸ் குறியீடு என்பது ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் சுங்கத்துறைகள் உலகப் பொதுவாக வைத்திருக்கும் எண், 7204 என்று தொடங்குவது இரும்பு, எஃகுக் கழிவு. ஏஜெண்டு சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எடையில் எந்த உலோகம் அதிகமோ அதன் குறியீடு என்ற விதி உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது பல உலோகங்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பொருளுக்கும் கலப்பு உலோகத்துக்கும் சொன்னது. உங்கள் ஏர்கான் காயிலில் தாமிரக் குழாயும் அலுமினியத் தகடும் பிரிக்க முடியாமல் இருக்கின்றன, அங்கே எடை போட்டுப் பார்த்துத் தாமிரம் கூடுதலா அலுமினியம் கூடுதலா என்று முடிவு செய்வது சரி. தனித்தனியாகக் குவித்து வைத்த சரக்கு ஒரே பெட்டியில் பயணம் செய்வதால் ஒரே பொருளாகிவிடாது. சிங்கப்பூரில் சுங்க அறிவிப்பு அனுப்பும் மின்தளமான டிரேட்நெட்டில் ஒரே பெர்மிட்டில் பல சரக்குகளைத் தனித்தனிப் பதிவாகப் போட இடமிருக்கிறதே, ஒவ்வொன்றையும் அதனதன் எடையோடும் மதிப்போடும் தனிப் பதிவாகப் போடுங்கள்.

குறியீட்டைத் தேடும் முன்பு கேட்க வேண்டியது, இது கழிவா இல்லையா என்பதுதான். உடைந்தோ, வெட்டுப்பட்டோ, தேய்ந்தோ, வேறு காரணத்தாலோ இனி அந்தப் பொருளாகவே பயன்படாது என்று உறுதியானால்தான் எச்எஸ் விதிப்படி அது கழிவு. பழசு என்பதற்காகவோ, கிலோ கணக்கில் வாங்கினோம் என்பதற்காகவோ அது கழிவாகாது. பழுது பார்த்துத் திரும்பப் பயன்படுத்த முடிந்தாலோ, உருக்காமலே வேறு பொருளாக மாற்ற முடிந்தாலோ 7204-க்குள் வராது. தேய்ந்த தண்டவாளத்தைக்கூட, முட்டுக்கொடுக்கவோ மறுபடி உருட்டி வேறு பொருளாக்கவோ முடியுமென்றால் கழிவாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் நல்ல குழாய்கள் இந்த ரகம். தையல் இல்லாத குழாய் 7304, பற்றவைத்த குழாய் பெரும்பாலும் 7306. இந்தியாவில் குழாய்க்கு வேறு வரி, வேறு கட்டுப்பாடு என்பதால், ஸ்கிராப் என்று எழுதிய பெட்டியில் முழுக் குழாய் கிடந்தால் அங்கே முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழும். ஒன்று, குழாயாகவே இங்கே விற்றுவிடுங்கள், விலையும் கூடக் கிடைக்கும். இல்லையென்றால் இனிக் குழாயாகப் பயன்படாத அளவுக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

மீதி இரும்பில், வெட்டிய கம்பியும் பீமும் 7204.49. லேத் சுருளும் துருவலும் 7204.41, வார்ப்பிரும்பு 7204.10. சமையலறைத் தொட்டி ஸ்டெயின்லெஸ் என்றால் 7204.21. காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அதை நம்பி அறிவிப்பு எழுத வேண்டாம். 304 ரகம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது, 430 ஒட்டும், இரண்டுமே ஸ்டெயின்லெஸ்தான். குரோமியம் 10.5 விழுக்காடோ அதற்கு மேலோ, கார்பன் 1.2 விழுக்காடோ அதற்குக் கீழோ, அதுதான் வரையறை. உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் பெரிய யார்டில் அளந்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமிரக் கழிவு 7404, அலுமினியம் 7602. உலோகம் உருக்கும்போது மேலே படியும் கசடு மட்டும் உலோகக் கழிவில் சேராது, அது 26-ஆம் அத்தியாயம்.

கம்ப்ரசரும் கேபிளும்தான் எனக்குக் கவலை தருகின்றன. 2022 எச்எஸ் பதிப்பில் மின், மின்னணுக் கழிவுக்கென்று 8549 என்ற தனித் தலைப்பு வந்துவிட்டது. கம்ப்ரசருக்குள் மோட்டார் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது, அதனால் அது அங்கே போய் விழ வாய்ப்பு மிக அதிகம். ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தின் திருத்தப்படி 2025 ஜனவரி 1 முதல் மின்கழிவு ஆபத்தானதோ இல்லையோ, அனுப்பும் நாடும் பெறும் நாடும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். சிங்கப்பூரில் அதைப் பார்ப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். அவர்களிடம் கேட்காமல் கம்ப்ரசரை ஏற்றாதீர்கள். இந்தப் பெட்டியிலிருந்து எடுத்தே விடுங்கள் என்பதுதான் என் யோசனை. கார் பேட்டரி ஒன்று கலந்திருந்தாலும் இதே கதைதான். உரிக்காத கேபிளைத் தாமிரக் கழிவு என்பாரும் உண்டு, மின்கழிவு என்பாரும் உண்டு. இயந்திரத்தில் உரித்துவிட்டால் வழக்கே இல்லை, 7404 என்று நிம்மதியாக எழுதலாம். எரித்து மட்டும் உரிக்காதீர்கள், அந்தப் புகை உங்கள் ஆட்களின் நுரையீரலுக்குத்தான் போகும்.

வாங்குபவர் மில்பெரி (தாமிரம்), ஹனி (பித்தளை), எச்எம்எஸ் (கனமான இரும்பு) என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுவார். அவை வியாபாரத் தர வகைகள், சுங்கக் குறியீடுகள் இல்லை. ஆனால் இந்திய அட்டவணையில் தாமிரம், அலுமினியக் கழிவுக்குக் கீழே இப்படிப்பட்ட வணிகப் பெயர்களையே சேர்த்திருக்கிறார்கள் என்பதால், இன்வாய்ஸிலும் பெர்மிட்டிலும் சரக்கு விவரம் ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் 6 இலக்கம் இரு நாட்டுக்கும் பொது, கடைசி 2 இலக்கம் மாறலாம். சென்னைக்காரர் தரும் 8 இலக்கத்தை அப்படியே இங்கே டிரேட்நெட்டில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இந்தியாவுக்குப் போகும் உலோகக் கழிவுக்கு ஏற்றுமதிக்கு முந்திய சோதனைச் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த நிறுவனம்தான் அதைத் தர முடியும், வெடிபொருளும் கதிர்வீச்சும் இல்லை என்று பார்த்துத் தருவார்கள். 2004-இல் காஸியாபாத் உருக்காலையில், இறக்குமதியான ஸ்கிராப்போடு வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரித்துப் போடுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். பெட்டியை மூடிச் சீல் வைத்த பிறகு சோதனைக்காரரைக் கூப்பிட்டால் மறுபடி இறக்க வேண்டியிருக்கும், ஏற்றும் நாளுக்கே வரச் சொல்லுங்கள்.

நீங்கள் நாளைக்கு மலேசியாவிலிருந்து இங்கே கொண்டுவந்தாலும் பிரிக்கும் முறை இதேதான். சிங்கப்பூரில் உலோகக் கழிவுக்குச் சுங்கத் தீர்வை இல்லை, 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு.

இத்தனைக்குப் பிறகும் காயில் போன்ற ஏதாவது ஒன்றில் சந்தேகம் தீரவில்லை என்றால், படம், எடைச்சீட்டு, உலோகக் கலவை விவரத்தோடு சிங்கப்பூர் சுங்கத்துறையிடம் வகைப்பாட்டுத் தீர்ப்புக்கு விண்ணப்பியுங்கள். அது வரச் சில வாரம் ஆகலாம், கப்பல் தேதியை அதற்கேற்ப வையுங்கள். ஏற்றுமதி பெர்மிட் சரக்கு கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குவியலையும் ஏற்றும் முன் படம் எடுத்து, எடைச்சீட்டு, இன்வாய்ஸ், பெர்மிட் எல்லாவற்றையும் சேர்த்து 5 ஆண்டு வைத்திருங்கள். ஏஜெண்டு போட்ட குறியீடு என்று பின்னால் சொன்னாலும் அறிவிப்பில் இருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயர், அதனால் அவர் அனுப்புவதற்கு முன் வரைவைக் கேட்டு வாங்கி வரி வரியாக நீங்களே படித்துப் பாருங்கள்.