வாஷர் தண்ணீர் உறைந்தால்? காட்பாடி மெக்கானிக் பதில்கள்

குடியாத்தம்: அண்ணே, டிசம்பரில் மணாலிக்குக் காரிலேயே போகிறோம். முன்கண்ணாடியைக் கழுவும் வாஷர் டேங்கில் குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது. போதுமா?

போதாது தம்பி. தண்ணீர் 0 டிகிரியில் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். டேங்க் நிறைய இருந்தால் டேங்கே விரிசல் விடலாம். ஆனால் முதலில் மாட்டிக்கொள்வது தண்ணீரைப் பீய்ச்சும் நாசிலும் அதற்குப் போகும் மெல்லிய குழாயும்தான். ஆல்கஹால் கலந்த குளிர்கால வாஷர் திரவம் வாங்கு. எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும். போகிற ஊரின் ராத்திரிக் குளிரையும் தாண்டித் தாங்குவதாகப் பார்த்து எடு. பழைய தண்ணீரை அடித்தே காலி பண்ணு, மிச்சம் வைத்தால் புதுசும் நீர்த்துப்போகும். ஊற்றிய பிறகு நாசிலில் புதுத் திரவத்தின் நிறம் தெரியும்வரை அடி. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டேங்கில் நல்ல சரக்கு இருக்கும், குழாயில் பழைய தண்ணீர் நிற்கும். பின்கண்ணாடிக்கு வாஷர் இருந்தால் அதையும் மறக்காதே.

ஆம்பூர்: இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் கூலண்ட் கொஞ்சம் ஊற்றினால்?

ஐயோ, வேண்டாம். கண்ணாடியில் வழவழவென்று படலம் கட்டும். எதிரே லாரி லைட் அடித்தால் ரோடே தெரியாது. அப்புறம், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

கம்மவான்பேட்டை: கார்கிலில் இருக்கும் என் மகன், நல்ல திரவம் ஊற்றியும் கண்ணாடியில் பட்டதுமே பனியாகிறது என்கிறான்.

வீட்டுக்கு வீடு ராணுவக்காரர் இருக்கிற ஊராச்சே, இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! திரவத்தில் குறை இல்லை ஐயா. ஓடுகிற வண்டியில் காற்று பட்டு ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடும். அதிலேயே கண்ணாடி இன்னும் குளிரும், மிஞ்சிய தண்ணீர் உறையும். கண்ணாடி மேல் சூடான காற்றை ஊதும் டிஃப்ராஸ்டரைப் போட்டுக் கண்ணாடி சூடான பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி: உறைந்தே போனால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாமா?

கண்ணாடி பிளந்துவிடும் அம்மா. சுவிட்சையும் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், ஃபியூஸ் போகும், மோட்டாரும் போகலாம். வண்டியைத் திறந்த வெளியில் ஓடவிடுங்கள், இன்ஜின் சூட்டில் தானாக இளகும்.

ராணிப்பேட்டை: ஏலகிரிக்குப் போகவும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம் சார், அங்கே அவ்வளவு குளிர் ஏது? நம்ம பக்கம் நாசில் அடைப்பதெல்லாம் போர்வெல் தண்ணீர் உப்பால்தான். வெள்ளையாகப் படிந்திருப்பதைக் குண்டூசியால் மெதுவாகக் குத்தி எடுங்கள். இனி ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.