ஆஃப் என்னும் சின்னச் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையர்களின் மெயில்களில் புட் ஆஃப், கால் ஆஃப், ஹோல்ட் ஆஃப் என்று மாறி மாறி வருகிறது. இப்படி வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் ஃப்ரேசல் வெர்புகளைப் பெரிய பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தேன். படிக்கும்போது குழம்புகிறது, எழுதும்போது தப்பாகிறது. வேறு வழி உண்டா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

பட்டியலை மூடி வையுங்கள். ‘புட்’டில் தொடங்குபவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கிப் படித்தால் ஒன்றோடொன்று கலக்கத்தான் செய்யும். 1755இல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டாரை மிகவும் திணறடிப்பது இந்த வகை வினைகள்தான் என்று எழுதியிருக்கிறார்.

வினையை விட்டுவிட்டு அதன் பின்னால் நிற்கும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள். ஆஃப் என்றால் பெரும்பாலும் விலகல். நீங்கள் கேட்ட மூன்றிலும் வேலை தள்ளிப் போகிறது. எவ்வளவு தள்ளி என்பதில்தான் வேறுபாடு. கால் ஆஃப் என்றால் ரத்து. புட் ஆஃப் என்றால் வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பு. ஹோல்ட் ஆஃப் என்றால் சொல்லும்வரை தொடங்காதே. ‘ஹோல்ட் ஆஃப் ஆன் கட்டிங்’ என்று மெயில் வந்தால் ஆர்டர் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் துணியில் கத்தி படக்கூடாது. இதை ‘ஹோல்ட் அப்’ உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தாமதமாக்குவது, சரக்கு கஸ்டம்ஸில் மாட்டினால் ‘ஹெல்ட் அப்’.

அப் பல இடங்களில் முழுமையைக் காட்டும். யூஸ் அப், ஈட் அப் என்பதில் அது செய்வது, நம் ‘தின்றுவிட்டான்’ என்பதில் ‘விடு’ செய்யும் வேலை. ஆனால் கிவ் அப், ஷோ அப் போன்றவை இதற்குள் அடங்கா. அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

எழுதும்போது தப்பாவது பெரும்பாலும் பொருளால் அல்ல, இடத்தால். பெயர்ச்சொல் என்றால் ‘கால் ஆஃப் தி மீட்டிங்’, ‘கால் தி மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. இட், தெம் வந்தால் நடுவில் மட்டுமே: ‘கால் இட் ஆஃப்’. ‘கால் ஆஃப் இட்’ என்றால் தவறு. ஆனால் ‘லுக் இன்டு இட்’ பிரியாது. எது பிரியும் என்று கண்டுபிடிக்க, இடையில் ஒரு வினையடையைச் செருகிப் பாருங்கள். ‘லுக் கேர்ஃபுலி இன்டு இட்’ நிற்கிறது. அப்படியானால் இட் கடைசியில்தான். ‘கால் குவிக்லி ஆஃப் தி மீட்டிங்’ நிற்காது; அப்படியானால் இட் நடுவில். ஹோல்ட் ஆஃப் ஆன், புட் அப் வித் போன்ற மூன்று சொல் வினைகளில் செயப்படுபொருள் பெரும்பாலும் கடைசிக்குத்தான் போகும்.

நம்மூர் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு: ‘கோப் அப் வித்’ என்று ஒன்று கிடையாது. கீப் அப் வித், கேட்ச் அப் வித் இரண்டையும் பார்த்து ஒட்டிக்கொண்ட அப் அது. சமாளிப்பது என்ற பொருளுக்கு ‘கோப் வித்’ போதும். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2015’ என்று பயோடேட்டாவில் எழுதினால், ராணுவம், போலீஸ் பயிற்சி தவிர மற்ற இடங்களில் இங்கிலாந்துக்காரருக்கு மயங்கி விழுந்ததாகத்தான் படும். கிராஜுவேட்டட் என்று எழுதுங்கள்.

நோட்டில் தனிச்சொல்லாக எழுதாமல், மெயிலில் வந்த முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். ஒரே வினையில் தொடங்கும் இரண்டை ஒரே நாளில் படிக்க வேண்டாம். அதுவரை, பணம் சம்பந்தப்பட்ட மெயிலில் சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள். கான்சலா, போஸ்ட்போனா என்று ஒற்றைச் சொல்லில் கேட்டுப் பதில் வாங்கிவிட்டு, பிறகு கட்டிங் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.