குப்பைமேடும் சிவப்பு ஸ்வெட்டரும்

வணக்கம் அக்கா,

போன பதிவுல "சீருடை போட்டவங்க ஊருக்குள்ள வந்து கைகுலுக்குனா மொதல்ல கணக்கு நோட்டக் கேளுங்க"ன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. கனடாவோட ஆர்க்டிக் பக்கம் ராணுவம் அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான இனுயிட் மக்களோட சேர்ந்து வேலை பாக்குற வீடியோ ஒண்ணு பாத்தேன், ஒரு பெரியவரும் சின்ன வயசு சோல்ஜர் ஒருத்தரும் பனியில கயிறு கட்டிக்கிட்டு சிரிச்சிட்டு இருக்காங்க, அவ்ளோ நல்லா இருந்துச்சு. ரோடு இல்லாத, டாக்டர் இல்லாத எடத்துக்கு ராணுவத்த விட்டா வேற யாரு போய் அந்த ஜனங்களுக்கு உதவுவா? எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிக்கணுமா? ராணுவம் அங்கேருந்து கெளம்பிரணும்னு சொல்றீங்களா?

பேரு போட வேணாம்.

*

தம்பி,

கோவமாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா கேள்வி நியாயமான கேள்வி, அதான் மெயில்ல பதில் போடாம இங்கயே எழுதுறேன்.

மொதல்ல அந்த வீடியோ. திரும்ப ஒருதடவ போட்டுப் பாத்தேன். அவங்க கட்டுறது கமுத்திக், அதாவது ஸ்னோமொபைலுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற நீளமான சறுக்கு வண்டி. ரெண்டு பக்கமும் நீளக் கட்டை, அதுமேல குறுக்குப் பலகை, பலகைய ஆணி அடிச்சு இறுக்காம கயித்தாலதான் கட்டுவாங்க, ஏன்னா கடல் மேல உறைஞ்ச ஐஸ் மேடும் பள்ளமுமா கெடக்கும், ஆணி அடிச்ச வண்டி அதுல போனா தடதடன்னு ஆடி ஆடியே பிச்சுக்கும், கயிறு கட்டுனது வளைஞ்சு குடுத்துப் போயிரும். இப்ப சொல்லுங்க, அந்த வீடியோவுல முடிச்சு போடுறது யாரு, அதப் பாத்து கத்துக்கிட்டு நிக்கிறது யாரு? "ராணுவம் போய் அந்த ஜனங்களுக்கு உதவுது"ன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு உறுத்துனது அந்த வார்த்தைதான். அந்தப் பக்கம் காம்பஸ்ஸ நம்ப முடியாது, காந்த துருவத்துக்குக் கிட்டத்துல இருக்குறதால முள்ளு கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆடும். ஜிபிஎஸ் வேலை செய்யும்தான், ஆனா முன்னாடி இருக்குற ஐஸ் ஆளத் தாங்குமான்னு அது சொல்லாது. அத ஹார்பூன் ஈட்டியால குத்திப் பாத்துத்தான் சொல்லணும், எந்தப் பக்கம் போறோம்னு பனியில காத்து செதுக்கி வச்சிருக்குற நாக்கு மாதிரி மேடுகள வச்சுத்தான் சொல்லணும். இதெல்லாம் தெரிஞ்சவங்க அந்த ஊர்க்காரங்க. அவங்க இல்லாம ராணுவம் அங்க ஒரு ராத்திரி தங்குறதே கஷ்டம்.

இத கனடா ராணுவமே ஒத்துக்கிட்டதாலதான் 1947ல கனேடியன் ரேஞ்சர்ஸ்னு ஒரு படைய ஆரம்பிச்சாங்க. இப்ப 5,000 பேர் அளவுல, 200 ஊருக்கு மேல இருக்காங்க. எல்லாரும் பழங்குடிகள் இல்ல, ஆனா வடக்குல பெரும்பாலும் அவங்கதான். சிவப்பு ஸ்வெட்டர், ஒரு துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா, இந்த மாதிரி கொஞ்ச சாமான்தான் குடுப்பாங்க. அந்தத் துப்பாக்கிகூட போன பத்தாண்டோட கடைசி வரைக்கும் ரெண்டாம் உலகப்போர் காலத்து லீ-என்ஃபீல்டுதான் (கிண்டல் பண்ணாதீங்க, அந்தக் குளிர்ல புது மாடலெல்லாம் மக்கர் பண்ணும்போது அது பாட்டுக்கு வெடிக்கும்). ஸ்னோமொபைல் அவங்களோடது, தேய்மானத்துக்கு ராணுவம் காசு குடுக்கும். எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம், சார்ஜென்ட் யாருன்னு அந்தந்த ஊர் குழுவே ஓட்டு போட்டு முடிவு பண்ணிக்கும், ராணுவத்துல இது ரொம்ப அபூர்வம். ரிட்டயர்மென்ட் வயசும் கெடையாது, ஏன்னா அங்க வயசானவருக்குத்தான் ஐஸ் நல்லாத் தெரியும்.

அப்ப எல்லாம் சரியா இருக்கே, கணக்கு நோட்டு எதுக்குங்கிறீங்களா? ரெசல்யூட்னு ஒரு ஊரு இருக்கு, ஆர்க்டிக் தீவுக்கூட்டத்துக்கு நடுவுல. இனுயிட் மொழியில அதுக்குப் பேரு கௌசுயிட்டுக், விடியல் இல்லாத எடம்னு அர்த்தம், குளிர்காலத்துல கிட்டத்தட்ட மூணு மாசம் சூரியனே வராது. 1953லயும் 1955லயும் கியூபெக்கோட வடபகுதியில இனுக்ஜுவாக்ங்கிற ஊர்லேருந்தும், பான்ட் இன்லெட்லேருந்தும் 90 பேர் அளவுல கப்பல்ல ஏத்தி ரெசல்யூட்லயும் கிரைஸ் ஃபியர்ட்லயும் எறக்கி விட்டாங்க. அங்க வேட்டை நல்லா இருக்கும், புடிக்கலைன்னா ரெண்டு வருஷத்துல திரும்பிரலாம்னு வாக்கு குடுத்துதான் கூட்டிட்டுப் போனாங்க. திருப்பி அனுப்பல. பண்ணது ராணுவம் இல்ல, அரசாங்கமும் போலீசும், அத சொல்லிரணும். ஆனா ரெசல்யூட்ல அப்ப விமானப்படைத் தளம் ஒண்ணு இருந்துச்சு, அங்க இருக்குறவங்களோட பழகக் கூடாதுன்னு இவங்களுக்கு உத்தரவு, சாப்பாட்டுக்கும் வீடு கட்ட மரத்துக்கும் அந்தத் தளத்தோட குப்பைமேட்டத்தான் இவங்க கிளறுனாங்க. வடக்குல கனடாக் கொடி நிக்கணும்னா அங்க மனுஷங்க இருக்கணும், அந்த மனுஷங்களா இவங்களக் கொண்டு போய் வச்சாங்கன்னு அந்தக் குடும்பங்க ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அரசாங்கம் மன்னிப்பு கேட்டது 2010ல. இப்ப அதே ரெசல்யூட்ல ராணுவத்தோட ஆர்க்டிக் பயிற்சி மையம் இருக்கு, 2013ல திறந்தது. குப்பைமேட்டக் கிளறுனவங்களோட பேரப்புள்ளைங்க வயசுக்காரங்க இன்னிக்கு சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சோல்ஜர்களுக்கு ஐஸ் படிக்கக் கத்துக் குடுக்குறாங்க. எனக்கு இது ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாக்க முடியல தம்பி, அவ்ளோதான்.

கனடா மட்டும்னு நெனைக்காதீங்க. ஆஸ்திரேலியா கதை இன்னும் கேவலம். வடக்குல ஆர்ன்ஹெம் லேண்ட்ல யொல்ஙுன்னு ஒரு பழங்குடி மக்கள், 1932ல காலிடன் விரிகுடாவுல ஜப்பான்கார கடலட்டை மீனவங்க அஞ்சு பேரக் கொன்னுட்டாங்கன்னு வோங்குங்கிற தலைவரோட மூணு மகன்களுக்கு 20 வருஷ ஜெயில் குடுத்தாங்க. டொனால்ட் தாம்சன்னு ஒரு மானுடவியலாளர் அங்க போயி, அந்த மக்களோட பேசி, அந்தப் பசங்கள ஜெயில்லேருந்து வெளிய கொண்டுவந்தாரு, ஜப்பான்காரங்களக் கொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டு வந்தாரு. பத்து வருஷம்கூட ஆகல, 1941ல அதே தாம்சன் ராணுவ யூனிஃபார்மோட திரும்பி வந்து 50 பேர் அளவுல ஆள் சேக்குறாரு, இப்ப ஜப்பான்காரன் கரை எறங்குனா கொல்லலாம்னு. அவங்க மொகம் எப்படிப் போயிருக்கும்னு நான் நெனச்சுப் பாக்குறதுண்டு. அந்தக் கரைய நடந்தே சுத்தி சுத்திக் காவல் காத்தாங்க. சம்பளம்? புகையிலை, மீன் தூண்டில் மாதிரி சாமான்தான். காசும் பதக்கமும் வந்தது 1992ல, அதுக்குள்ள நெறைய பேர் செத்துப் போயாச்சு.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினியாவுக்கும் நடுவுல இருக்குற டோரஸ் நீரிணைத் தீவுக்காரங்க அப்படி சும்மா இருக்கல. அங்க ஓடியாடக்கூடிய ஆம்பளைங்க அத்தனை பேருமே கிட்டத்தட்ட பட்டாளத்துல சேந்துட்டாங்க, 800 பேருக்கு மேல. வெள்ளைக்கார சிப்பாய் வாங்குறதுல மூணுல ஒரு பங்குதான் சம்பளம். 1943 டிசம்பர்ல வேலைய நிறுத்திட்டாங்க, யுத்தம் நடக்கும்போது, யூனிஃபார்மோட. அதுக்கப்புறம் மூணுல ரெண்டு பங்கு ஆச்சு. முழுசாவா குடுத்தாங்க? இல்ல, மிச்ச பாக்கிய 1980கள்ல குடுத்தாங்க. கணக்கு நோட்டுன்னு நான் சொன்னது இதத்தான், இங்க அது உவமை இல்ல, நெசமாவே சம்பளப் பட்டுவாடா நோட்டு.

நல்லதே பண்ணலயான்னா பண்ணியிருக்காங்க. 1990கள்லேருந்து ஆஸ்திரேலிய ராணுவ இஞ்சினியர்ங்க தூரத்துப் பழங்குடி ஊர்கள்ல வீடு, ரோடு, தண்ணி வசதியெல்லாம் கட்டிக் குடுத்துட்டு வர்றாங்க, அத யாரும் மறுக்கல. ஆனா 2007ல அரசாங்கம் குழந்தைகளப் பாதுகாக்கப் போறோம்னு சொல்லி நார்தர்ன் டெரிடரி ஊர்களுக்கு ராணுவ வண்டியில ஆள அனுப்புச்சு, முட்டிஜுலுங்கிற ஊர்ல சில தாய்மாருங்க பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடி ஒளிஞ்சதா அப்ப செய்தி வந்துச்சு, தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம். வந்த சிப்பாய்கள்ல அவங்க இனத்து ஆளுங்களே இருந்தாங்கங்கிறதுதான் இதுல கொடுமை. அரசாங்கமே பழங்குடிப் பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போன காலம் அங்க பாட்டிமாருக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ராணுவம் கெளம்பிரணும்னு நான் எங்கயும் எழுதல. ரேஞ்சர்ஸே அப்படிச் சொல்ல மாட்டாங்க, வேட்டைக்குப் போன ஆள் திரும்பி வரலைன்னா தேடிப் போறது அவங்கதான், வெள்ளம் வந்தா ஊர காலி பண்ண உதவுறதும் அவங்கதான், நெறைய பேருக்கு அந்த ஸ்வெட்டர் பெருமை. ஆனா 2017ல கனடா ராணுவத்தோட ஆம்புட்ஸ்மன், அதாவது குறை கேக்குற அதிகாரி, ஒரு அறிக்கை போட்டாரு. டூட்டியில அடிபட்டா மருத்துவச் சலுகை வாங்க உரிமை இருக்குங்கிறதே நெறைய ரேஞ்சர்களுக்குத் தெரியல, அடிபட்டவங்க பல பேர் அதப் பதிவுகூட பண்ணலன்னு அதுல இருக்கு. படை ஆரம்பிச்சு அப்ப சரியா 70 வருஷம் ஆயிருந்துச்சு.

அடுத்த தடவ பேரோடயே எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

அக்கா