அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்தும் பெனடிக்ட் சோதனையில் சுக்ரோஸ் நீலமாகவே நிற்கிறதா?

நீராற்பகுப்பு, அதாவது அமிலத்தில் சுக்ரோஸ் உடைவது, அநேகமாக நடந்திருக்கும். அமிலத்தை நடுநிலையாக்காமல் பெனடிக்ட் கரைசலை (குளுக்கோஸ் போன்ற சர்க்கரை இருப்பதைக் காட்டும் நீலக் கரைசல்) ஊற்றியதுதான் சிக்கல். நீங்கள் எழுதிய படிகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அடுத்து நேராக பெனடிக்ட் வருகிறது.

சுக்ரோஸ் உடைந்து வந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தாமிர அயனியை ஒடுக்கக் காரச் சூழல் வேண்டும். அதற்காகத்தான் பெனடிக்டில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. மிஞ்சிய அமிலம் அதைத் தின்றுவிடும். செங்கல் நிற வீழ்படிவு வராது.

மறுபடி செய்யும்போது:

1. 1% சுக்ரோஸ் 5 மி.லி., அடர் அமிலம் 3 சொட்டு. கொதிநீரில் 5 நிமிடம்.
2. நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு சோடியம் பைகார்பனேட்டைப் போட்டால் நுரை குழாய்க்கு வெளியே பொங்கும்.
3. சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். குமிழி நின்றதும் ஒரு சொட்டைச் சிவப்பு லிட்மஸில் வையுங்கள். நீலமாக மாறினால் சரி.
4. இதில் 8 சொட்டு, பெனடிக்ட் 5 மி.லி., மீண்டும் கொதிநீரில் 3 நிமிடம்.

அமிலம் சேர்க்காத சுக்ரோஸையும் பக்கத்தில் ஒரு குழாயில் வைத்துச் சோதியுங்கள். அது நீலமாகவே இருக்க வேண்டும். அதுவும் சிவந்தால் சர்க்கரையிலோ குழாயிலோ குளுக்கோஸ் கலந்திருக்கிறது, முடிவை நம்ப முடியாது.