காட்டுப் பாதை சைக்கிள்: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

நம் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துப் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பழகிவிட்டு, வார இறுதியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் புக்கிட் கியாரா காட்டுப் பாதைகளுக்குப் போகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களும் அதைச் சுற்றியே.

*கேள்வி: மகன் காட்டுப் பாதையில் ஓட்டுவான் என்று கடையில் சொல்லித்தான் 580 வெள்ளிக்கு மவுண்டன் பைக் வாங்கினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கியாராவில் இறக்கத்தில் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வளைந்து, விழுந்ததில் பல் உடைந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் உள்ளதாம், கடைக்காரர் கையை விரிக்கிறார். – ஒரு தாய், ஈஜோக்*

பதில்: அம்மா, பையனை முதலில் நல்ல பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பணத்தை விடாதீர்கள்.

அந்த ரசீது வரியைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. நம் ஊரில் பாதிக் கடைகளில் அது அச்சாகியிருக்கிறது. அதைப் படித்ததும் நம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் கடைக்காரர் திரும்ப வாங்க வேண்டியதில்லை, சரி. ஆனால் பொருளே பழுது என்றால் அந்த வரி செல்லாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை எந்த ரசீதும் பறிக்க முடியாது. சட்டத்தின் 6ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32ஆவது பிரிவு. உங்களுக்கு இன்னும் உதவுவது 33ஆவது பிரிவு: இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

இனி சைக்கிளுக்கு வருவோம். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், பளபளக்கும் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் இந்த விலையில் வரும் பல வண்டிகள் தார் சாலைக்கும் பூங்காவின் சிமெண்டு நடைபாதைக்கும் செய்தவை. சிலவற்றில் ‘காட்டுப் பாதைக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கும். புக்கிட் கியாரா பழைய ரப்பர் தோட்டம். வேர்கள் குறுக்கே ஓடும், மழை பெய்தால் மண் சோப்பாக வழுக்கும், திடீர்த் திடீரென்று படிபோல இறங்கும். அங்கே முன் ஃபோர்க், சக்கரம், பிரேக் மூன்றும்தான் உயிரைக் காப்பவை. தெரிந்தே அந்த வண்டியைத் தாயிடம் விற்றவரை என்னால் மன்னிக்க முடியாது.

வளைந்த ஃபோர்க்கைக் கழற்றாமல் படம் எடுங்கள். ரசீதோடு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பாரம் 1-ஐ நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஒன்று கவனியுங்கள்: உடல் காயத்துக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியாது. பல் செலவுக்குத் தனியாக வழக்கறிஞரைப் பாருங்கள்.

*கேள்வி: 29 அங்குலச் சக்கரமா, 27.5-ஆ? – இளைஞர், ரவாங்*

பதில்: உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) அளவு முதலில். சக்கரம் அப்புறம்.

*கேள்வி: பேஸ்புக்கில் பார்த்த பழைய மவுண்டன் பைக்குக்கு 1,200 வெள்ளியை வங்கியில் போட்டேன். ஆள் பதிலே போடவில்லை. நடுவர் மன்றத்துக்குப் போகலாமா? – கோல சிலாங்கூர் வாசகர்*

பதில்: வண்டியைத் தொடாமல், ஆளைப் பார்க்காமல் 1,200 வெள்ளியா? தோட்டத்துச் சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு! இதே பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, ஐயா. நடுவர் மன்றம் வியாபாரிகள் மீதான கோரிக்கைக்குத்தான். இந்த ஆள் வியாபாரியே இல்லை. உடனே 997-க்கு அழையுங்கள், தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. வங்கியிடம் சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். நேரம் போகப் போகப் பணம் வேறு கணக்குக்கு ஓடிவிடும். அடுத்த முறை பணம் போடும் முன், போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டி, மோசடிக் கணக்கா என்று பாருங்கள்.

*கேள்வி: டிஸ்க் பிரேக் கீச்சிட்டது, செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்தேன். இப்போது பிரேக் பிடிக்கவே இல்லை. கடைக்காரர் மட்டமானதைக் கொடுத்துவிட்டார்தானே? – தம்பி ஒருவர், புக்கிட் ரோத்தான்*

பதில்: இல்லை. எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது, கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். டிஸ்க்கை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பேடுகளைப் புதிதாக மாற்றுங்கள். அதுவரை மலை ஏறவே கூடாது.

*கேள்வி: கையில் 2,500 வெள்ளி இருக்கிறது. புதியதா, பழையதா? – பாலர் பள்ளி ஆசிரியை, பத்தாங் பெர்ஜுந்தை*

பதில்: உங்கள் பணத்துக்குப் பழையதில் நல்ல வண்டி கிடைக்கும், டீச்சர். ஆனால் கடையில், ரசீதோடு வாங்குங்கள். அலுமினியச் சட்டம் போதும். நான் ஒரு முறை மலிவாகக் கிடைத்தது என்று கார்பன் சட்டம் வாங்கினேன். கீழ்க்குழாயில் அழகான ஸ்டிக்கர். உரித்தால் அடியில் விரிசல். விற்றவர் தெரிந்தேதான் அதை ஒட்டியிருந்தார். அன்றிலிருந்து எந்தப் பழைய வண்டியிலும் ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் நான் பணம் எடுப்பதில்லை. உரிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

ஃபோர்க்கின் வழுவழுப்பான கால்களில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் செலவு காத்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றி ஆடுகிறதா என்று பாருங்கள். பெடலுக்குக் கீழே, சட்டத்தின் அடியில் வண்டியின் அடையாள எண் இருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், பேரமே பேசாமல் வந்துவிடுங்கள். எண் சுரண்டாமல் இருந்தால் படம் எடுத்து வையுங்கள், நாளைக்குக் களவு போனால் போலீசுக்குக் கொடுக்க உதவும்.

*கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறது, மகனுக்கு அதுவே போதாதா? – தந்தை, ஈஜோக்*

பதில்: போதாது. நம் வெயிலில் ஏற்றத்தில் மூச்சு முட்டி, பிள்ளை கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிடுவான். இஎன் 1078 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர எண்ணை உள்ளே அச்சிட்ட சைக்கிள் ஹெல்மெட்டைப் புதிதாக வாங்குங்கள். ஒரு முறை பலமாக அடிபட்டதை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.